போன பாக்கெட் ஏன் திரும்பவில்லை: மண்டபத்தில் மூன்று சப்நெட்டுகளை இணைத்த அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் தென்கடல் ஓரமாக, நண்டும் மீனும் கொள்முதல் செய்து குளிர் அறையில் வைத்து வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில், பழைய ரவுட்டர் செயலிழந்ததால் புதியது மாட்டப்பட்டிருந்தது. இணையம் உடனே வந்துவிட்டது. ஆனால் கம்பெனிக்குள்ளேயே தனித்தனியாக இருந்த மூன்று வலையமைப்புகளும் ஒன்றையொன்று எட்டவில்லை. அலுவலகத்திலிருந்து கேமராப் பதிவுப் பெட்டியைத் திறக்க முடியவில்லை. குளிர் அறையின் வெப்பநிலையைப் பார்க்க முடியவில்லை. கரையோர எடைக் கொட்டகையின் சீட்டுகள் கணக்குப் பிரிவுக்கு வந்து சேரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கம்பெனியில் நெருக்கடி குறைவாக இருந்தது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. நண்டு வரத்து நிற்கவில்லை. ஆகவே எதையும் நாள் முழுக்க நிறுத்திவைத்துப் பார்க்கும் வசதியும் இல்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினிகள் 192.168.10.0/24 என்ற சப்நெட்டில், அதாவது 192.168.10 என்று தொடங்கும் முகவரிகளின் குழுவில், இருக்கின்றன. கேமராப் பதிவுப் பெட்டியும், குளிர் அறைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும், வெப்பநிலையைப் பதிவு செய்யும் விண்டோஸ் கணினி ஒன்றும் 192.168.20.0/24 என்ற இரண்டாவது சப்நெட்டில் இருக்கின்றன. இந்த இரண்டும் மைக்ரோடிக் நிறுவனத்தின் அந்தப் புதிய ரவுட்டரின் தனித்தனி முனைகளில் நேரடியாக இணைந்துள்ளன; ரவுட்டரின் முகவரி ஒன்றில் 192.168.10.1, மற்றொன்றில் 192.168.20.1. மூன்றாவதான 192.168.30.0/24 எடைக் கொட்டகைக்கு உரியது. அலுவலக மாடியிலிருந்து கொட்டகைக் கூரைக்கு ஒரு ஜோடி வயர்லெஸ் ஆன்டெனாக்கள் பாலமாக நிற்கின்றன. கொட்டகையில் இன்னொரு சிறிய ரவுட்டர் உண்டு. அதன் ஒரு கால் அலுவலக சப்நெட்டுக்குள் 192.168.10.254 என்ற முகவரியிலும், மறு கால் கொட்டகைக்குள் 192.168.30.1 என்ற முகவரியிலும் இருந்தது. அதில் நேட், அதாவது கடந்துபோகும் பாக்கெட்டின் (தரவுப் பொதியின்) முகவரியை மாற்றும் வசதி, அணைக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டு கால் விவகாரம் பின்னால் முக்கியமாகிறது.

கணக்குப் பிரிவில் இருந்த தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. "அண்ணே, பழைய பெட்டியில எல்லாம் ஓடுச்சே, புதுசு மாட்டுனதும் ஏண்ணே ஓடல? அப்ப பெட்டிதான கோளாறு?" ரவுட்டரை மாற்றியதும் நின்றுபோனது என்றால் ரவுட்டர்மேல் சந்தேகம் விழுவது இயல்பே. அதனால்தான் முதல் வேலையாக ரவுட்டரின் வழித்தட அட்டவணையைப் பார்த்தேன். 10, 20 ஆகிய இரண்டு சப்நெட்டுகளும் நேரடி இணைப்புகளாக அதில் இருந்தன, 30-க்கு 192.168.10.254 வழியாகப் போகும்படி ஒரு நிலையான வழித்தடம் எழுதப்பட்டிருந்தது. அட்டவணையில் குறையே இல்லை. இங்கே பலர் செய்வது, நேரடியாக இணைந்திருக்கும் சப்நெட்டுகளுக்கும் கையால் வழித்தடம் எழுதிச் சேர்ப்பது. முனையில் முகவரி கொடுத்து, அந்த முனையும் உயிரோடு இருந்தால், அந்த சப்நெட்டுக்கான வழியை ரவுட்டர் தானாகவே அறிந்துகொள்ளும். மேலும் ஒன்றை எழுதினால் குழப்பம்தான் கூடும்.

கேபிள்களையும் விரைவாகப் பார்த்து முடித்தேன். இந்தக் கடற்கரையில் உப்புக்காற்றுக்கு ஆர்ஜே45 முனைகளின் தொடுபுள்ளிகள் பச்சை படிந்து போவது சாதாரணம். பழைய ரவுட்டரின் மின்சாரத் துளையும் அப்படித்தான் அரித்திருந்தது. ஆனால் இங்கே எல்லா இணைப்புகளும் நூறு மெகாபிட்டோ அதற்கு மேலோ சீராகக் காட்டின. பிழை எண்ணிக்கை ஏறவில்லை. வயர்லெஸ் பாலத்திலும் இழப்பு இல்லை. எனவே சிக்கல் கேபிளில் அல்ல, அதற்கு மேலுள்ள முகவரி, விதி அமைப்புகளில்தான் இருக்க வேண்டும்.

ரவுட்டருக்குள் இருந்தே கேமராப் பதிவுப் பெட்டிக்கு, அதாவது 192.168.20.10-க்கு, பிங் என்ற "இருக்கிறாயா" எனக் கேட்கும் சோதனைச் செய்தியை அனுப்பினால் உடனே பதில் வந்தது. அலுவலகக் கணினியான 192.168.10.25-இலிருந்து அனுப்பினால் பதில் இல்லை. முதல் பதிலைப் பார்த்துவிட்டு "ரவுட்டருக்கு வருகிறது, கணினிக்குத்தான் வரவில்லை, ஆகவே கணினியில் கோளாறு" என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள். அந்த முடிவு தவறானது. ரவுட்டர் தானே பிங் அனுப்பும்போது, பாக்கெட் வெளியேறும் முனையின் முகவரியையே அனுப்புநர் முகவரியாக இடும். இங்கே அது 192.168.20.1. பதிவுப் பெட்டியைப் பொறுத்தவரை அது பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. பதில் சொல்ல, வெளி வலையமைப்புக்கு வழிவிடும் கேட்வே எதுவும் தேவையில்லை. உண்மையான சோதனை, அனுப்புநர் முகவரியை 192.168.10.1 என்று கட்டாயமாகக் குறிப்பிட்டு அதே பிங்கை அனுப்புவதாகும். மைக்ரோடிக் ரவுட்டரில் பிங் கட்டளைக்கு இந்த வசதி உண்டு. அப்படி அனுப்பியதும் பதில் நின்றுபோனது. அலுவலகக் கணினி இந்தக் கதையிலிருந்து அப்போதே விலகிவிட்டது: அந்தக் கருவி அண்டை முகவரிக்குப் பதில் சொல்கிறது, அயல் முகவரிக்குச் சொல்வதில்லை.

அடுத்து ரவுட்டரில் உள்ள, கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் ஸ்னிஃபரை, 20-ஆவது சப்நெட் இணைந்திருக்கும் முனையில் ஓடவிட்டேன். அலுவலகக் கணினியிலிருந்து வந்த பிங் கேள்வி, அனுப்புநர் 192.168.10.25, பெறுநர் 192.168.20.10 என்று அந்த முனை வழியாக வெளியேறுவது தெளிவாகத் தெரிந்தது. இந்த ஒரு காட்சியே இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறது. ரவுட்டர் வழி தெரியாமல் திணறவில்லை. அதன் ஃபயர்வாலும் இந்தக் கேள்வியைத் தடுக்கவில்லை. பாக்கெட் போய்ச் சேர்கிறது, பதில்தான் இல்லை. ஆகவே ரவுட்டரை நோண்டுவதை நிறுத்திவிட்டு, பதில் சொல்ல வேண்டிய ஒவ்வொரு கருவியும் அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். பதில் வராமை எல்லாம் ஒரே வகை அல்ல என்பது அங்கேதான் தெரியவந்தது.

பதிவுப் பெட்டிக்கு பிங் அனுப்பியபோது, அதனிடமிருந்து பதிலுக்குப் பதிலாக ஓர் ஏஆர்பி கேள்வி, அதாவது ஒரு முகவரி யாரிடம் இருக்கிறது என்று தன் வலையமைப்பு முழுவதையும் கேட்கும் கேள்வி, வந்துகொண்டிருந்தது: 192.168.20.254 யாரிடம் இருக்கிறது, 192.168.20.10-க்குச் சொல்லவும். அப்படி ஒரு முகவரி அந்த வலையமைப்பிலேயே இல்லை. பதிவுப் பெட்டிக்கு எப்போதோ, யாரோ, 254 என்று கேட்வே கொடுத்திருக்கிறார்கள். அது பதிலை அனுப்பத் தயாராக இருந்தும், இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. குளிர் அறைக் கட்டுப்பாட்டுப் பெட்டியான 192.168.20.30-க்கு அனுப்பியபோது வந்த ஏஆர்பி கேள்வி வேறு வகையானது: 192.168.10.25 யாரிடம் இருக்கிறது, 192.168.20.30-க்குச் சொல்லவும். இதைப் பார்த்த உடனேயே, சப்நெட்டின் எல்லையைச் சொல்லும் மாஸ்க் தவறு என்று எழுதிவிடலாம். ஒரு கருவி பதில் அனுப்பும் முன், பெறுநரின் முகவரி தன் சப்நெட்டுக்குள் இருக்கிறதா என்று தன் மாஸ்க்கை வைத்துப் பார்க்கும். வெளியே என்றால் கேட்வேயிடம் கொடுக்கும், உள்ளே என்றால் ஏஆர்பி மூலம் நேரடியாகத் தேடும். மாஸ்க் 255.255.255.0 என்று இருக்க வேண்டிய இடத்தில் 255.255.0.0 என்று இருந்ததால், 192.168 என்று தொடங்கும் எல்லாரும் தன்னுடன் ஒரே கேபிளில் இருப்பதாக அந்தப் பெட்டி நினைத்துக்கொண்டது. அடுத்த முனையில் இருக்கும் கணினிக்கு அந்தக் கூப்பாடு கேட்காது. ஏஆர்பி ரவுட்டரைத் தாண்டுவதில்லை.

மற்ற இரண்டு கருவிகள் சத்தமே இல்லாமல் இருந்தன. இன்னொரு குளிர் அறையின் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியான 192.168.20.31-உம், வெப்பநிலை பதியும் கணினியான 192.168.20.40-உம் கேள்வியை வாங்கிக்கொண்டு, பதிலும் சொல்லாமல், ஏஆர்பியும் கேட்காமல் இருந்தன. அருகில் போய்ப் பார்த்தபோது இரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு. பழைய பெட்டியின் முகப்புப் பலகையில் ஐபி முகவரியும் மாஸ்க்கும் மட்டுமே கேட்கிறது. கேட்வே என்ற இடமே அதில் இல்லை. தன் சப்நெட்டுக்கு வெளியே உள்ளவருக்குப் பதில் அனுப்ப அதற்கு வழியே கிடையாது. கணினியிலோ ஐபி, மாஸ்க், கேட்வே எல்லாம் சரி. தடுத்தது விண்டோஸ் ஃபயர்வால். கோப்புப் பகிர்வுக்கும் பிங் கேள்விக்கும் அதில் உள்ள விதிகள், தனியார் வலையமைப்பு என்ற வகையில், உள்ளூர் சப்நெட்டிலிருந்து வருவனவற்றை மட்டுமே இயல்பாக அனுமதிக்கின்றன. அலுவலகம் அதற்கு உள்ளூர் அல்ல.

ஆக, ஒரே சப்நெட்டில் நான்கு கருவிகள், நான்கு வெவ்வேறு காரணங்கள். இவை எல்லாம் ரவுட்டர் மாற்றிய அன்று ஒரே நேரத்தில் கெட்டுப்போயிருக்க முடியாது. தம்பியின் கேள்வி இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்தது: இத்தனை தவறுகளோடு பழைய ரவுட்டரில் எப்படி ஓடியது? விடை அவருடைய கணினியிலேயே இருந்தது. பழைய ரவுட்டரின் அமைப்பை யாரோ ஒருமுறை உரைக்கோப்பாக எடுத்து வைத்திருந்தார்கள். அதில் நேட் பகுதியில் மாஸ்கரேட் விதி ஒன்றே ஒன்று இருந்தது. எந்த முனை வழியாக வெளியேறும்போது என்ற நிபந்தனை அதில் இல்லை.

மாஸ்கரேட் விதியின் வேலை, வெளியேறும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியை ரவுட்டரின் முகவரியாக மாற்றுவது. இணையத்துக்குப் போகும் முனைக்கு மட்டும் அது தேவை. முனையைக் குறிப்பிடாமல் எழுதினால், ஒரு சப்நெட்டிலிருந்து இன்னொரு சப்நெட்டுக்குப் போகும் பாக்கெட்டுக்கும் அதே முகமூடி போடப்படும். அலுவலகத்திலிருந்து யார் கேட்டாலும், 20-ஆவது சப்நெட்டில் உள்ள கருவிகளுக்கு 192.168.20.1 கேட்பதாகவே தோன்றும். அப்போது கேட்வே தவறாக இருந்தாலும் கவலையில்லை, மாஸ்க் அகலமாக இருந்தாலும் கவலையில்லை, கேட்வேயே இல்லாவிட்டாலும் கவலையில்லை. விண்டோஸும் உள்ளூர்க்காரர் என்று நம்பிக் கதவைத் திறக்கும். புதிய ரவுட்டரில் இணைய முனைக்கு மட்டும் என்று விதி முறையாக எழுதப்பட்டிருந்ததால், பல காலமாக மறைந்திருந்த தவறுகள் அனைத்தும் ஒரே காலையில் வெளியே வந்தன. புதிய பெட்டி எதையும் கெடுக்கவில்லை.

அந்தப் பழைய வரியைப் புதிய ரவுட்டரில் எழுதிவிட்டால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். கம்பெனியில் சிலர் அதையே விரும்பினார்கள். நான் மறுத்ததற்குக் காரணம் தூய்மைவாதம் அல்ல. பதிவுப் பெட்டியின் உள்நுழைவுப் பதிவேட்டைத் திறந்து காட்டினேன்: யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியலில் எல்லா வரிகளிலும் 192.168.20.1 என்ற ஒரே முகவரி. சரக்கு வெளியேறும் கதவைப் பார்க்கும் கேமராவின் பதிவை எந்தக் கணினியிலிருந்து ஒருவர் பார்த்தார் அல்லது அழித்தார் என்று பிறகு கேட்டால், அந்தப் பட்டியல் ஒன்றும் சொல்லாது. அதைக் கண்டதும் முதலாளியே, "அப்ப முறையாவே செஞ்சிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டார்.

பதிவுப் பெட்டியின் கேட்வேயை 192.168.20.1 என்று மாற்றியது சில நிமிட வேலை. ஒரு குறிப்பு மட்டும்: அந்தப் பெட்டியின் பின்புறமுள்ள மின்சாரம் தரும் முனைகளில் நேரடியாகச் செருகப்பட்ட கேமராக்கள், பெட்டி தனக்குள் வைத்திருக்கும் வேறொரு தனி சப்நெட்டில் இருக்கும். அவற்றை அலுவலகத்திலிருந்து பிங் செய்து பதில் வரவில்லை என்று கலங்க வேண்டியதில்லை. பதிவுப் பெட்டி வழியாகத்தான் அவற்றைப் பார்க்க முடியும்.

குளிர் அறைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மாஸ்க்கை முகப்புப் பலகையின் பொத்தான்களாலேயே மாற்றினேன். ஆனால் மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் புதிய மதிப்பை அது எடுத்துக்கொண்டது. அணைத்துப் போடுவது என்றால் கம்பிரசரும் நிற்கும். திரும்ப ஓடத் தொடங்கும் முன் சில நிமிடத் தாமதம் அதன் பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தாமதத்தைக் கண்டு பெட்டி கெட்டுவிட்டதாக நினைத்து மறுபடி அணைத்துப் போட்டால், தாமதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அறைக் கதவு திறக்கப்படாத நேரமாகப் பார்த்து, பொறுப்பாளரை அருகில் வைத்துக்கொண்டே இதைச் செய்தோம்.

கேட்வே இடமே இல்லாத பழைய பெட்டிக்கு மட்டும் முகமூடியை விட்டுவைத்தேன். அனுப்புநர் 192.168.10.0/24, பெறுநர் 192.168.20.31 என்ற இரண்டு நிபந்தனைகளும் பொருந்தினால் மட்டுமே மாஸ்கரேட் என்று ஒரு குறுகிய விதி. அதே பெட்டிக்கு மாஸ்க்கை அகலப்படுத்தி, ரவுட்டரின் அந்த முனையில் ப்ராக்ஸி ஏஆர்பியை இயக்கினாலும் வேலை நடக்கும். அப்போது மற்றவருக்கான ஏஆர்பி கேள்விகளுக்கு ரவுட்டரே தன் முகவரியைக் கொடுத்துவிடும். ஆனால் அது முனை முழுவதற்கும் பொருந்தும் அமைப்பு. நாளை வேறொரு கருவியில் தவறான மாஸ்க் கொடுத்தால் அதையும் சேர்த்து மறைத்துவிடும். ஒரே ஒரு முகவரிக்கான நேட் விதி, அதன் அருகே காரணத்தைச் சொல்லும் குறிப்புடன் இருப்பதே மேல்.

விண்டோஸ் கணினியில் ஃபயர்வாலை அணைக்கவில்லை. கோப்புப் பகிர்வுக்கும் பிங்குக்கும் உரிய விதிகளின் எல்லைப் பகுதியில், உள்ளூர் சப்நெட்டுடன் 192.168.10.0/24 என்பதையும் சேர்த்தேன். அந்த வலையமைப்பு பொது வலையமைப்பு என்று குறிக்கப்படாமல் தனியார் என்று இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொண்டேன்.

எடைக் கொட்டகையின் சிக்கல் இவற்றைவிடச் சுவையானது. அங்கிருந்த கணினியான 192.168.30.5-க்கு அலுவலகத்திலிருந்து பிங் ஒழுங்காகப் போனது, பதிலும் வந்தது. ஆனால் அதே கணினியில் ஓடும் எடைச் சீட்டுப் பக்கத்தை உலாவியில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு அலுவலகத்தில் ஒரு கணினியில் மட்டும் சில வேளைகளில் திறந்தது. பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை என்றால் பெரும்பாலோர் மென்பொருளைக் குற்றம் சொல்வார்கள். கொட்டகைக்குள் இருந்த மடிக்கணினியில் அந்தப் பக்கம் நன்றாகவே திறந்தது.

இங்கே துப்பு கொடுத்தது பிங் பதிலில் வரும் டிடிஎல் எண். விண்டோஸ் கணினி தன் பதிலை 128 என்ற டிடிஎல்லுடன் அனுப்பும். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். போகும் வழியை டிரேஸ்ரூட் காட்டியது: முதலில் 192.168.10.1, அடுத்து 192.168.10.254, பிறகு 192.168.30.5. போகும்போது இரண்டு ரவுட்டர்கள். திரும்பும்போதும் அதே இரண்டு என்றால் டிடிஎல் 126 ஆக இருக்க வேண்டும். வந்ததோ 127. அதாவது பதில் ஒரே ஒரு ரவுட்டரைத்தான் தாண்டி வந்திருக்கிறது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சாலைவழி போன பேருந்து பாம்பன் சாலைப் பாலத்தின் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். பாக்கெட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கொட்டகை ரவுட்டரின் ஒரு கால் அலுவலக சப்நெட்டிலேயே இருந்ததால், அலுவலகக் கணினிக்குரிய பதிலை அது நேராக அந்தக் கணினியிடமே கொடுத்தது. நடுவில் இருந்த பெரிய ரவுட்டருக்கு அது தெரியவே இல்லை.

பிங்குக்கு இதனால் பாதகமில்லை. உலாவி பயன்படுத்தும் டிசிபி இணைப்புக்குத்தான் பாதகம்; அது சின், சின்-ஆக், ஆக் என்ற மூன்று பாக்கெட்டுகளின் பரிமாற்றத்தில் தொடங்கும். கணினியின் முதல் பாக்கெட்டான சின், பெரிய ரவுட்டர் வழியாகப் போனது. ரவுட்டரின் இணைப்புக் கண்காணிப்பு அதைக் குறித்துக்கொண்டது. கொட்டகைக் கணினியின் சின்-ஆக் பதில் ரவுட்டரைத் தொடாமல் நேராக வந்துவிட்டது. அடுத்து அலுவலகக் கணினி அனுப்பிய ஆக் மறுபடி ரவுட்டரிடம் வந்தபோது, நடுவில் வர வேண்டிய பதிலைப் பார்க்காத ரவுட்டர் அதைச் செல்லாத பாக்கெட் என்று முடிவு செய்து தூக்கி எறிந்தது. செல்லாதவற்றைத் தள்ளும் ஃபயர்வால் விதியின் எண்ணிக்கை, உலாவியில் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பழைய ரவுட்டரில் இதையும் அந்த முகமூடி மறைத்திருந்தது. அனுப்புநர் முகவரி 192.168.10.1 ஆக மாறியதால் பதில் ரவுட்டரிடமே திரும்பியது.

சில வேளைகளில் திறந்த அந்த ஒரு கணினிக்கும் விளக்கம் உண்டு. ஒரு பாக்கெட் வந்த முனை வழியாகவே திரும்ப வெளியேறும் நிலை ஏற்பட்டால், "அடுத்த முறை நேராக 254-இடமே கொடு" என்று சொல்லும் ஐசிஎம்பி வழிமாற்றுச் செய்தியை ரவுட்டர் அனுப்பக்கூடும். சில கணினிகள் அதை ஏற்கும், சில ஏற்காது, ஏற்றவையும் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். ஒன்றுபோல் இல்லாத இந்த அறிகுறிதான் இத்தகைய கோளாறில் ஆளைச் சுற்றவிடுவது.

செல்லாதவற்றைத் தள்ளும் விதியை அணைத்துவிடலாம். ஒவ்வொரு அலுவலகக் கணினியிலும் 30-ஆவது சப்நெட்டுக்குத் தனி வழித்தடம் எழுதலாம். முதலாவது பாதுகாப்பைத் தளர்த்துகிறது. இரண்டாவது அடுத்து வாங்கும் கணினியில் மறந்துபோகும். நான் தேர்ந்தது, கொட்டகை ரவுட்டரின் காலை அலுவலக சப்நெட்டிலிருந்து எடுத்து, இரண்டு ரவுட்டர்களுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவழி சப்நெட் அமைப்பது. இரண்டு முகவரிகளுக்கு /30 போதும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் நடுவில் நிற்கும் இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நிர்வாக முகவரிகள் வேண்டும். அவை அதுவரை அலுவலக சப்நெட்டின் முகவரிகளில் இருந்தன. கேபிளை வேறு முனைக்கு மாற்றியதும் அவற்றை எட்ட முடியாமல் போய்விடும். ஆகவே ஆறு முகவரிகள் கிடைக்கும் 192.168.99.0/29-ஐ எடுத்தேன்: பெரிய ரவுட்டருக்கு 1, கொட்டகை ரவுட்டருக்கு 2, ஆன்டெனாக்களுக்கு 3, 4.

இந்த வேலையில் வரிசை முக்கியம். தொலைவில் உள்ள ஆன்டெனாவின் முகவரியை முதலில் மாற்ற வேண்டும், பிறகு அருகிலுள்ளதை, கடைசியாகத்தான் கேபிளை. மடிக்கணினிக்கு 99-ஆவது சப்நெட்டில் தற்காலிகமாக இன்னொரு முகவரி கொடுத்துக்கொண்டால், மாற்றிய ஆன்டெனா உயிரோடு இருக்கிறதா என்று உடனுக்குடன் பார்க்கலாம். கச்சான்காற்று வீசும் நாளில் கொட்டகைக் கூரையில் ஏணி சாத்தி ஏறுவதற்கு இது எவ்வளவோ மேல்.

பெரிய ரவுட்டரில் நான்காவது முனையை, அலுவலக முனைகளை ரவுட்டருக்குள்ளேயே ஒன்றாகச் சேர்த்திருந்த பாலம் என்ற அமைப்பிலிருந்து விலக்கி, 192.168.99.1/29 கொடுத்து, 30-ஆவது சப்நெட்டுக்கான வழித்தடத்தை 192.168.99.2 வழியாக என்று மாற்றினேன். கொட்டகை ரவுட்டரின் இயல்பு வழி, அதாவது தனக்குத் தெரியாத முகவரிகளுக்கு அது பயன்படுத்தும் வழி, 192.168.99.1. இதோடு நிறுத்தினால் கொட்டகையில் ஒரு விநோதம் தோன்றும்: கூகுளின் 8.8.8.8 என்ற இணைய முகவரிக்கு பிங் போகும், எந்த இணையதளமும் பெயரால் திறக்காது. மைக்ரோடிக் ரவுட்டரின் இயல்பான ஃபயர்வால், உள் வலையமைப்பைக் குறிக்கும் லேன் என்ற முனைப் பட்டியலில் இல்லாத முனையிலிருந்து ரவுட்டரை நோக்கி வருவன எல்லாவற்றையும் தள்ளிவிடும். இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியைக் கொட்டகைக் கணினிகள் இந்த ரவுட்டரிடம்தான் கேட்கின்றன. பாலத்திலிருந்து விலக்கிய முனையை அந்தப் பட்டியலில் தனியாகச் சேர்த்தாக வேண்டும். சேர்த்ததும் டிஎன்எஸ் வந்தது, எடைச் சீட்டுப் பக்கம் எல்லாக் கணினிகளிலும் திறந்தது, பிங் பதிலில் டிடிஎல் 126 என்று வந்தது.

வழி திறந்துவிட்டது என்பதற்காக எல்லாரும் எல்லாரையும் எட்ட வேண்டியதில்லை. அலுவலகத்திலிருந்து 20, 30 ஆகியவற்றுக்குப் புதிய இணைப்புகள் அனுமதி. எதிர்த்திசையில், ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின் பதில்களுக்கு மட்டும் அனுமதி. கேமராப் பதிவுப் பெட்டி இணையத்துக்குப் போக, நேரம் சரிபார்ப்பதைத் தவிர வேறெதற்கும் தேவை இல்லை. அதை மட்டும் விட்டு மற்றதை அடைத்தேன். கேமராப் படத்தின் மூலையில் தெரியும் நேரம் தவறினால், அந்தப் பதிவை வைத்து யாரையும் எதையும் கேட்க முடியாது.

எல்லாம் ஓடியபின் கம்பெனியின் முதன்மை மின்சாரத்தை அணைத்துப் போடவைத்து, ரவுட்டர்களும் ஆன்டெனாக்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தாமாகவே எழுந்து சேர்கின்றனவா என்று பார்த்தேன். பதிவுப் பெட்டியின் பட்டியலில் இப்போது 192.168.10.25 என்று கணக்குத் தம்பியின் கணினியே பெயர் சொல்லி நிற்கிறது. புதிய அமைப்பை, அதே ரவுட்டருக்கு மட்டும் உகந்த காப்புக் கோப்பாக அல்லாமல், யாரும் படிக்கக்கூடிய உரைக்கோப்பாகவும் எடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறேன். பழைய குளிர் அறைப் பெட்டியை மாற்றும் நாளில் நீக்க வேண்டிய நேட் விதி எது என்பது அந்தக் கோப்பில் குறிப்போடு இருக்கிறது.